விளக்கு வைக்கும் நேரத்தில் படமெடுங்கள்: வாசகர் கேள்வி – பதில்

பயணம் போன ஊர்களில் எடுத்த இரவு நகரப் படங்களை அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். படங்களோடு கேள்விகளும் நிறைய வந்திருக்கின்றன. ஊர்கள் வேறு வேறு என்றாலும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: படமெடுக்கக் கிளம்பிய நேரம் சரியில்லை. அதனால் அந்தக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறோம்.

சிங்கப்பூர் மரினா பேயில் எடுத்த படங்களில் வானம் தார் பூசியது போலக் கறுப்பாகவும், கட்டடங்கள் வெள்ளைத் திட்டுகளாகவும் வந்திருக்கின்றன. போனை மாற்றினால் சரியாகுமா?
(வாசகி, தஞ்சாவூர்)

போனை மாற்ற வேண்டாம். நீங்கள் அனுப்பிய படங்களில் பதிவாகியிருக்கும் நேரம் இரவு 9.40. அந்நேரம் வானத்தில் வெளிச்சமே கிடையாது. கட்டட விளக்குகளோ முழு வீச்சில் எரிகின்றன. இந்த இரண்டையும் ஒரே படத்தில் அடக்குவது எந்த போனுக்கும் கஷ்டம்தான்.

நகரத்தில் விளக்கு போட்டாகிவிட்டது, வானம் இன்னும் முழுதாக இருட்டவில்லை என்கிற கொஞ்ச நேரம் இருக்கிறதே, அதுதான் நகரப் படத்துக்கு உரிய நேரம். சூரியன் அடிவானத்துக்குக் கீழே 4 முதல் 8 டிகிரி வரை இறங்கியிருக்கும்போது வானம் ஆழ்ந்த நீலமாக இருக்கும். அதன் வெளிச்சமும் ஜன்னல் விளக்குகளின் வெளிச்சமும் கிட்டத்தட்ட சமமாக நிற்கும். கட்டடத்தின் விளிம்பு வானத்தோடு கலந்து மறையாமல் தெரிவதும் அப்போதுதான். சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் அங்கே செங்குத்தாக இறங்குகிறது. ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 4 நிமிடம். ஆகவே இந்த நீல நேரம் சூரியன் மறைந்து 13 நிமிடம் கழித்துத் தொடங்கி, அரை மணி ஆவதற்குள் முடிந்துவிடும். லண்டனில் ஜூன் மாதத்தில் இதே நேரம் அரை மணிக்கு மேல் நீளும். அங்கே சாவகாசமாக எடுக்கலாம், சிங்கப்பூரில் முடியாது.

சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் சூரியன் மறைவது 6.45க்கும் 7.20க்கும் இடையில். மறைவதற்குக் கால் மணி முன்பே மெர்லயன் பூங்காவிலோ பக்கத்தில் உள்ள ஜூபிலி பாலத்திலோ இடம் பிடித்து நின்றுவிடுங்கள். எதிரே மரினா பே சாண்ட்ஸ் ஓட்டல், முதுகுப் பக்கம் மேற்கு. கிழக்கு வானம் முதலில் நீலமாகும் என்பதால் அந்தத் திசை நமக்குச் சாதகம். பாலத்தில் ஒரு சங்கடம் உண்டு. ஆட்கள் நடக்கும்போது தளம் லேசாக அதிரும். கைப்பிடியில் போனைச் சாய்த்து வைத்தாலும் படம் கலங்கும். ஆள் கடந்து போகும் வரை பொறுத்திருந்து எடுங்கள்.

போனில் செய்ய வேண்டியது: முதலில் லென்ஸை மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். 1 எக்ஸ் லென்ஸிலேயே எடுங்கள். ஒளியைப் பதிவு செய்யும் சில்லான சென்சார் அந்த லென்ஸுக்குத்தான் பெரியது. இருட்டில் 3 எக்ஸ், 5 எக்ஸ் என்று அழுத்தினால் பல போன்கள் அந்த லென்ஸுக்கு மாறாமல், முதன்மைக் கேமராவின் படத்தையே வெட்டிப் பெரிதாக்கித் தருகின்றன. வெளிச்சமான கட்டடத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டுங்கள். பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். கட்டடத்தின் மேல் உள்ள பெயர்ப் பலகையின் எழுத்து படிக்க முடிகிற அளவுக்கு வந்தால் போதும், நிறுத்திவிடலாம். 3 விநாடி டைமர் போட்டு, போனைத் திடமான ஓர் இடத்தில் சாய்த்து வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். போன் அசையாமல் இருப்பது தெரிந்தால் நைட் மோட் தானாகவே கூடுதல் விநாடிகளைத் தரும்.

கார்டன்ஸ் பை த பேயின் சூப்பர்ட்ரீ ஒளிக்காட்சி 7.45க்கும் 8.45க்கும் நடக்கிறது. மரினா பே சாண்ட்ஸ் முன்னால் ஸ்பெக்ட்ரா நீரூற்றுக் காட்சி 8 மணிக்கும் 9 மணிக்கும். பெரும்பாலும் எல்லாமே நீல நேரம் முடிந்த பிறகுதான். கிளம்பும் முன் அன்றைய நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். காட்சிகளைக் கண்ணால் பாருங்கள். படத்தை அதற்கு முன்பே எடுத்து முடித்துவிடுங்கள் என்பதே எங்கள் யோசனை.

தெருவிளக்கு ஒவ்வொன்றிலிருந்தும் நீளமாக ஒளிக்கோடு இழுத்திருக்கிறது. வானத்தில் பச்சைப் புள்ளிகள் வேறு. போன் கெட்டுவிட்டதா?
(வாசகர், மதுரை)

கோடு இழுப்பதற்குக் காரணம் லென்ஸ் கண்ணாடியில் இருக்கும் விரல் பிசுக்கு. எந்தத் திசையில் துடைத்தீர்களோ அதற்குக் குறுக்கே கோடு போகும். மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணியால் வட்டமாகத் துடைத்தால் போய்விடும்.

பச்சைப் புள்ளி பழுது அல்ல. விளக்கின் ஒளி சென்சாரில் பட்டுத் திரும்பி, லென்ஸில் மீண்டும் எதிரொளித்து விழுவதால் வருகிறது. விளக்கு படத்தின் இடது மேல் மூலையில் இருந்தால் புள்ளி வலது கீழ் மூலையில் இருக்கும். படத்தின் நடுப்புள்ளியை வைத்துப் பார்த்தால் நேர் எதிரே. இது தெரிந்துவிட்டால் சமாளிப்பது சுலபம். புள்ளி இருண்ட வானத்தில் விழாமல், வெளிச்சமான கட்டடத்தின் மேலோ சாலையின் மேலோ விழும்படி போனைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டால் அது கண்ணில் படாது.

நவம்பரில் ஹாங்காங் போகிறோம். மிரர்லெஸ் கேமராவும் ட்ரைபாடும் இருக்கின்றன. விக்டோரியா துறைமுகத்தை எங்கே நின்று, எப்படி எடுப்பது?
(வாசகர், கோயம்புத்தூர்)

நல்ல மாதத்தில் போகிறீர்கள். மார்ச், ஏப்ரலில் மூடுபனி மலையையே மறைத்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை காற்று வறண்டு, எதிர்க்கரை தெளிவாகத் தெரியும். துறைமுகத்துக்கு இரண்டு மாலைகளை ஒதுக்குங்கள். கரையில் ஒன்று, மலையில் ஒன்று. ஒரே மாலையில் இரண்டையும் முடிக்க ஓடினால் இரண்டும் கைவிட்டுப் போகும்.

முதல் மாலை சிம் ஷா சூயி கரை நடைபாதை. நவம்பர் நடுவில் சூரியன் மறைவது சுமார் 5.40, நீங்கள் 5.15க்கே அங்கே இருக்க வேண்டும். எதிரே தெற்கில் ஹாங்காங் தீவு. வெள்ளை முக்கோணக் கோடுகள் ஒளிரும் கட்டடம் பேங்க் ஆஃப் சைனா கோபுரம்; ஐ.எம். பேய் வடிவமைத்து 1990இல் திறந்தது. வலப்பக்கம் எல்லாவற்றையும் தாண்டி நிற்பது 412 மீட்டர் உயர இரண்டாம் ஐ.எஃப்.சி. கட்டடம். இந்த இரண்டையும் படத்தின் இரு பக்கமும் வைத்துக்கொண்டால் இடையில் மலைமுகடு தெரியும். மலை தெரிகிற படத்தைப் பாருங்கள், வெறும் கட்டட வரிசையைவிட எவ்வளவோ மேல். அந்த முகடு வானத்தோடு சேர்ந்து கறுத்துவிடுவதற்கு முன் எடுத்தாக வேண்டும். நீல நேரத்துக்கு இன்னொரு காரணமும் கிடைத்துவிட்டது.

ட்ரைபாடை நிறுத்தியதும் நடுத்தண்டைக் கீழே இறக்கிவிடுங்கள். கேமரா வாரைக் கழற்றுங்கள் அல்லது கையில் சுற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள். கடற்காற்றில் அது படபடத்து கேமராவை ஆட்டும். லென்ஸில் உள்ள அதிர்வுத் தடுப்பை அணையுங்கள். ட்ரைபாடில் இருக்கும்போது சில லென்ஸ்களில் இல்லாத அதிர்வைத் தேடி அதுவே படத்தைக் கலக்கிவிடும். எதிர்க்கரையில் ஒரு விளக்கைத் திரையில் 10 மடங்கு பெரிதாக்கி, கையால் ஃபோகஸ் செய்து, ஆட்டோவை அணைத்துவிடுங்கள். ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் திறப்பு) 8, 2 விநாடி டைமர். 5.50 வாக்கில் ஷட்டர் ஒரு விநாடி போதும். 6 மணிக்கு மேல் 4 விநாடி, அப்புறம் 8 முதல் 10 விநாடி என்று வானம் இருட்ட இருட்டக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே சட்டகத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். எந்த நிமிடம் சிறந்தது என்பது அங்கே சின்னத் திரையில் தெரியாது. வீட்டில் பார்த்தால் பளிச்சென்று தெரியும்.

8 விநாடிக்குத் துறைமுக நீர் வழவழப்பாகிவிடும், ஓடும் படகு வெறும் ஒளிக்கோடாகிவிடும். ஸ்டார் ஃபெரி படகு படகாகவே தெரிய வேண்டுமானால் ஐ.எஸ்.ஓ. 1600, எஃப் 4 வையுங்கள். அதே வெளிச்சத்துக்கு 8 விநாடி என்பது 1/8 விநாடியாகக் குறையும். கரைக்கு இணையாக மெதுவாகப் போகும் படகுக்கு இது சுமாராகப் போதும். வானம் இன்னும் வெளிச்சமாக இருக்கும் 5.50க்கே இதைச் செய்தால் 1/60 விநாடிக்கே வரலாம்.

இரவு 8 மணி ஒளிக்காட்சியை எல்லாரும் சொல்வார்கள். பத்து நிமிடம் நடக்கும். 8 மணிக்கு வானம் கன்னங்கரேலென்று இருக்கும். ஒளிக்கற்றைகளுக்காக 2 முதல் 4 விநாடி வைத்துச் சில படங்கள் எடுங்கள். லேசர் ஒளி நேராக லென்ஸுக்குள் விழுகிற இடத்தில் மட்டும் நிற்காதீர்கள். சென்சாரில் அது விட்டுப்போகும் கோடும் புள்ளியும் பிறகு மறையாது.

இரண்டாம் மாலை விக்டோரியா பீக் மலை. மலையேறும் பீக் ட்ராம் 1888இல் இருந்து ஓடுகிறது, ஏறிப் பார்க்க வேண்டியதுதான். ஆனால் மாலையில் வரிசை நீளும். சூரியன் உங்களுக்காகக் காத்திருக்காது. மேலே போவதற்கு சென்ட்ரலில் இருந்து 15ஆம் எண் பஸ்ஸைப் பிடித்துவிட்டு, இறங்கும்போது ட்ராமில் வாருங்கள். பீக் டவர் மாடியில் கட்டணம் கொடுத்து ஏறும் தளம் 428 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எங்கள் தேர்வு அது அல்ல, லூகார்ட் சாலை. பீக் டவரிலிருந்து கிட்டத்தட்ட சமதளமான பாதையில் 15, 20 நிமிட நடை; கட்டணம் இல்லை. மரங்கள் விலகும் ஒரு வளைவில் நகரம் முழுவதும் காலடியில் விரியும். பாதை குறுகலானது. ட்ரைபாடின் ஒரு காலைக் கைப்பிடிக் கம்பிக்கு வெளிப்பக்கம் நீட்டி, நடப்பவர்களுக்கு வழி விடுங்கள். திரும்பும்போது இருட்டு, ஒரு டார்ச் கையில் இருக்கட்டும்.

பழைய படங்களில் பார்த்த நியான் பலகைகளைத் தேடிக்கொண்டு போகாதீர்கள். அனுமதியில்லாத பலகைகளைக் கட்டடத் துறை அகற்றச் சொன்னதாலும், எல்.இ.டி. மலிவாக வந்ததாலும் பெரும்பாலானவை இறங்கிவிட்டன. எம் பிளஸ் அருங்காட்சியகம் சிலவற்றை வாங்கிப் பாதுகாக்கிறது. தெருவோரத்து இரவு வெளிச்சம் வேண்டுமானால் டெம்பிள் ஸ்ட்ரீட் இரவுச் சந்தைக்குப் போங்கள்.

டோக்கியோவில் உயரமான கட்டடத்தின் பார்வைத் தளத்தில் எடுத்த படங்களில் எல்லாம் எங்கள் முகமும் பின்னால் இருந்த கடை விளக்கும்தான் தெரிகின்றன. என்ன செய்வது?
(வாசகர், சென்னை)

கண்ணாடிக்கும் லென்ஸுக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் அறையின் வெளிச்சம் அங்கே நுழையும். இடைவெளியை அடைப்பதுதான் வைத்தியம். போனை முழுவதுமாகக் கண்ணாடியோடு ஒட்டி வையுங்கள். கேமராவானால் லென்ஸ் முனையில் ரப்பர் ஹூட் (வளையம்) மாட்டி, ஹூட்டின் விளிம்பைக் கண்ணாடியில் அழுத்துங்கள். அதுவும் இல்லையென்றால் கறுப்புத் துப்பட்டாவோ கறுப்பு ஸ்வெட்டரோ போதும். லென்ஸைச் சுற்றிக் கூடாரம் மாதிரி பிடிக்க ஒருவரைச் சொல்லுங்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள், முதலில் எதிரொளிப்பது அதுதான்.

நேராகப் பார்த்து எடுக்கும்போது போலரைசர் ஃபில்ட்டரால் பயனில்லை. சாய்ந்த கோணத்தில் மட்டுமே அது எதிரொளியைக் குறைக்கும். இருட்டில் அதற்கு விலையாக ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சமும் போகும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). சில தளங்களில் இரட்டைக் கண்ணாடி இருக்கும். சாய்த்து எடுத்தால் ஒவ்வொரு விளக்கும் இரண்டிரண்டாகத் தெரிவதற்கு அதுதான் காரணம். அங்கே நேராக மட்டும் எடுங்கள்.

ஷின்ஜுகுவில் உள்ள டோக்கியோ மாநகர அரசுக் கட்டடத்தின் 45ஆம் மாடித் தளம், 202 மீட்டர் உயரம், கட்டணமே இல்லை. ட்ரைபாடுக்கு அனுமதியும் இல்லை. ஷிபுயா ஸ்கை கூரைத் தளம் 229 மீட்டர். திறந்தவெளி என்பதால் எதிரொளித் தொல்லை குறைவு. அங்கும் ட்ரைபாட் கூடாது. இத்தகைய இடங்களில் ஒரு சின்னத் துணிப்பையில் அரை கிலோ பருப்பைக் கட்டி ஜன்னல் திண்டில் வைத்து, கேமராவை அதில் அழுத்தி உட்காரவைத்தால் ஒரு விநாடி வரை தாங்கும். பருப்பை ஊரிலிருந்து எடுத்துப் போக வேண்டாம். விளைபொருள் சோதனையில் மாட்டும். போன இடத்துக் கடையிலேயே வாங்குங்கள்.

வீடியோவில் கடைப் பலகைகள் மினுக் மினுக்கென்று துடிக்கின்றன. கறுப்புப் பட்டை ஏறி இறங்குகிறது. டோக்கியோவில் சரியாக வந்தது, ஒசாகாவில் வரவில்லை. ஏன்?
(வாசகர், சேலம்)

அருமையாகக் கவனித்திருக்கிறீர்கள். டோக்கியோவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகாவில் 60 ஹெர்ட்ஸ். 1890களில் டோக்கியோ ஜெர்மன் ஜெனரேட்டர்களை வாங்கியது, ஒசாகா அமெரிக்க ஜெனரேட்டர்களை வாங்கியது. ஒரே நாடு இன்றுவரை இரண்டு அலைவரிசைகளில் ஓடுகிறது.

விளக்கு ஒரு விநாடிக்கு அலைவரிசையைப் போல இரு மடங்கு தடவை துடிக்கும். ஷட்டர் அந்தத் துடிப்போடு ஒத்துப்போகாவிட்டால் பட்டை விழும். 50 ஹெர்ட்ஸ் ஊர்களில் 1/50 அல்லது 1/100 விநாடி. 60 ஹெர்ட்ஸ் ஊர்களில் 1/60 அல்லது 1/120. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங், துபாய், ஐரோப்பா எல்லாம் 50. அமெரிக்கா, தென் கொரியா, தைவான், சவூதி அரேபியா 60. கேமரா மெனுவில் ஆன்டி ஃப்ளிக்கர் என்ற இடத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

பெரிய எல்.இ.டி. விளம்பரத் திரைகள் இந்தக் கணக்கில் அடங்காது. அவற்றின் துடிப்பு திரைக்குத் திரை மாறும். போட்டோவானால் 1/30 அல்லது அதைவிட மெதுவாக வைத்தால் துடிப்புகள் ஒன்றோடொன்று கலந்து சமமாகிவிடும்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால் வானம் கட்டம் கட்டமாக உடைகிறது. போனில் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது.
(வாசகி, திருச்சி)

வாட்ஸ்அப் சாதாரணமாக அனுப்பும்போது படத்தின் நீளமான பக்கத்தைச் சுமார் 1600 பிக்சலுக்குக் குறைத்து, அழுத்திச் சுருக்குகிறது. படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் முறை அதை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் நுணுக்கமான வேறுபாடுகளைத் தள்ளிவிடும். கூட்டம் நிறைந்த பகல் கடைத்தெருவில் இது தெரியாது. மெல்ல மெல்ல நிறம் மாறும் நீல வானத்தில் கட்டத்தின் ஓரங்கள் அப்படியே தெரியும். இருட்டுப் பகுதியை எடிட்டிங்கில் இழுத்து வெளிச்சமாக்கியிருந்தால் இன்னும் மோசமாகும்.

மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, அனுப்பும்போது மேலே உள்ள எச்.டி. குறியைத் தட்டுவது. இரண்டாவது, நீங்களே படத்தை 1600 பிக்சலுக்குக் குறைத்து, அதற்குப் பிறகு லேசாகக் கூர்மையேற்றி அனுப்புவது; செயலி கை வைக்க அதிகம் இருக்காது. மூன்றாவது, டாக்குமென்ட்டாக இணைப்பது. படம் ஒரு பிக்சல்கூட மாறாமல் போய்ச் சேரும். ஆனால் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாதாரணமாக அனுப்பினால் நீங்கிவிடும் இடக்குறிப்பு, டாக்குமென்ட்டாக அனுப்பினால் படத்தோடேயே போகும். ஓட்டல் ஜன்னலிலிருந்து எடுத்த படம் என்றால் ஓட்டலின் இருப்பிடம் அதில் இருக்கிறது. கேமரா செயலியின் அமைப்புகளில் இடக்குறிப்பை அணைத்துவிட்டு எடுங்கள். பெரிய குழுக்களில் ஊர் திரும்பிய பிறகு பகிர்வதே நல்லது. வீடு பூட்டியிருக்கிறது என்பதை இருநூறு பேருக்கு அறிவிக்க வேண்டாம்.

எத்தனை படம் போடலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒரு ஊருக்குப் பத்து, பன்னிரண்டு போதும். ஒரே கட்டடம் நான்கு கோணத்தில் இருந்தால் பார்ப்பவர் இரண்டாவதிலேயே வேகமாகத் தள்ள ஆரம்பித்துவிடுவார். அதற்குப் பின்னால் வரும் நல்ல படம் வீணாகும்.

ஈஃபிள் கோபுரத்தின் இரவுப் படத்தைப் பகிர்வது சட்டப்படி குற்றம் என்கிறார்களே?
(வாசகர், நாகர்கோவில்)

சொந்தமாக எடுத்து நண்பர்களோடு பகிர்வதில் சிக்கல் இல்லை. தொழில்முறையில், அதாவது விளம்பரத்திலோ விற்பனைக்கோ பயன்படுத்தும்போதுதான் கோபுரத்தை நடத்தும் நிறுவனத்திடம் முன்னனுமதி வாங்க வேண்டும். 1889இல் எழுந்த கோபுரத்தின் வடிவத்துக்கு இப்போது உரிமைத் தடை கிடையாது. குஸ்தாவ் ஈஃபிள் 1923இலேயே காலமாகிவிட்டார். 1985இல் பியேர் பிதோ அமைத்த பொன்னிற விளக்கமைப்பு தனிப் படைப்பாகக் கருதப்படுகிறது. அதனால் பகல் படத்துக்கு இல்லாத கட்டுப்பாடு இரவுப் படத்துக்கு வந்தது.

இருட்டிய பிறகு ஒவ்வொரு மணியின் தொடக்கத்திலும் 5 நிமிடம் 20,000 பல்புகள் மின்னும். 2 விநாடி திறந்து வைத்தால் எல்லாப் பல்புகளும் ஒன்றாகச் சேர்ந்து கோபுரம் வெள்ளையாகிவிடும். 1/10 விநாடியில் எடுங்கள். மின்னல்கள் தனித்தனியாக நிற்கும்.

இரவுச் சந்தையில் சமைப்பவர்களை, சாப்பிடுபவர்களை எடுக்கலாமா? கேட்டால் முகம் மாறிவிடுகிறது, கேட்காமல் எடுக்கவும் மனம் வரவில்லை.
(வாசகி, ஈரோடு)

நாட்டுக்கு நாடு மாறும். ஐக்கிய அரபு எமிரேட்ஸில் ஒருவரின் சம்மதம் இல்லாமல் படமெடுத்து வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றம். அங்கே யோசிக்கவே வேண்டாம், கேட்டுத்தான் ஆக வேண்டும். கியோட்டோவின் கியோன் பகுதியில் தனியார் சந்துகளில் படமெடுக்கத் தடை. மீறினால் 10,000 யென் கேட்பதாகப் பலகையே வைத்திருக்கிறார்கள்.

மற்ற இடங்களில் முதலில் வாங்குங்கள், பிறகு கேளுங்கள். சிங்கப்பூரில் லாவ் பா சாட் உணவுச் சந்தைக்குப் பக்கத்துத் தெருவை மாலையில் வண்டி விடாமல் அடைத்து, சாத்தே (குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சி) கடைகள் போடுவார்கள். ஒரு தட்டு சொல்லிவிட்டு, அடுப்புக்கு எதிர்ப்பக்கம் நின்று, கேமராவைக் காட்டிச் சைகை செய்யுங்கள். தலையசைத்தால் எடுக்கலாம். உடனே எடுக்காதீர்கள், அவர் கரிக்கு விசிறி வீசி வேலையில் ஆழும் வரை பொறுங்கள். மாறிய முகம் பழையபடி வந்துவிடும். புகைக்குப் பின்னால் விளக்கு இருக்கும்படி நின்றால் புகை ஒளிரும், விளக்கு உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால் புகையே தெரியாது. 1/125 விநாடி, எஃப் 2, ஐ.எஸ்.ஓ. 1600இல் தொடங்குங்கள். ஃபிளாஷ் வேண்டாம். புகைத் திரையில் பட்டு வெளிச்சம் அப்படியே திரும்பி வரும், சாப்பிடுபவர்களுக்கும் தொந்தரவு.

படத்தோடு என்ன எழுதுவது? "அழகான இரவு" என்பதைத் தாண்டி எனக்கு எதுவும் வருவதில்லை.
(வாசகி, யாழ்ப்பாணம்)

படத்தில் தெரிவதை எழுத வேண்டாம், அதைத்தான் பார்க்கிறார்களே. எங்கே நின்றீர்கள், மணி என்ன, எந்தத் திசை, காதில் என்ன விழுந்தது, மூக்கில் என்ன ஏறியது, காசு எவ்வளவு ஆனது என்று எழுதுங்கள். அடுத்து அங்கே போகிற ஒருவருக்கு அது வழிகாட்டும். போகவே முடியாதவருக்கு அந்த இடம் பிடிபடும்.

ஹாங்காங் ட்ராமை எடுத்துக்கொள்ளுங்கள். "ஹாங்காங்கில் இரவு ட்ராம் பயணம், மறக்க முடியாத அனுபவம்" என்று எழுதினால் அதில் ஒன்றுமே இல்லை. இப்படி எழுதலாம்: "நார்த் பாயிண்ட் போகும் ட்ராம், மேல்தளம், முன்வரிசை. பின்வாசலில் ஏறி, இறங்கும்போது முன்னால் காசு போட வேண்டும். கடைசி நிறுத்தத்துக்கு முன் சுன் யியுங் தெருச் சந்தைக்குள்ளேயே தண்டவாளம் போகிறது. இரண்டு பக்கமும் மீனும் கீரையும். ஒவ்வொரு கடையின் மேலும் சிவப்பு மூடி போட்ட விளக்கு. ஓட்டுநர் மணியடித்துக்கொண்டே நடக்கிற வேகத்தில் ஓட்டுகிறார். பை தூக்கிய பெண்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு எட்டு விலகுகிறார்கள், ட்ராம் போனதும் மறுபடி தண்டவாளத்தில் நடக்கிறார்கள்." இதைப் படித்தவர் அந்தச் சிவப்பு விளக்கைப் படத்தில் தேடுவார்.

இதற்கு நினைவை நம்ப முடியாது. படமெடுத்த உடனே போனில் அரை நிமிடம் குரல் பதிவு செய்து வையுங்கள். தெருவின் சத்தமும் அதில் சேர்ந்து பதிவாகிவிடும். எழுத உட்காரும்போது அதைக் கேட்டாலே பாதி வந்துவிடும். பிடிக்காததையும் எழுதுங்கள். வரிசை நீளம், வியர்வை, விலை எல்லாம் ஊரைச் சேர்ந்தவைதான்.

ஏ.சி. அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸ் வேர்த்துவிடுகிறது.
(வாசகர், திருநெல்வேலி)

குளிர்ந்த கண்ணாடியில் ஈரக்காற்று படிகிறது. துடைக்கத் துடைக்க மறுபடி படியும். அறையிலேயே கேமராவை ஜிப் வைத்த பாலித்தீன் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடி, வெளியே வந்து அரை மணி கழித்துத் திறங்கள். ஈரம் பையின் மேல் படியும், லென்ஸில் படியாது. நீல நேரத்தைக் கணக்கிடும்போது இந்த அரை மணியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போனில் பளிச்சென்று இருந்த படம் லேபில் பிரிண்ட் போட்டதும் இருண்டுவிட்டது. லேபின் தவறா?
(வாசகர், புதுச்சேரி)

பெரும்பாலும் இல்லை. திரை தானே ஒளிவிடுகிறது. காகிதம் அறை வெளிச்சத்தைத் திருப்பித்தான் தருகிறது. திரை வெளிச்சத்தைப் பாதிக்குக் கீழே இறக்கிவிட்டு எடிட் செய்யுங்கள். பிரிண்டுக்கென்று ஒரு நகல் எடுத்து, நடுத்தர ஒளிப் பகுதிகளை அரை ஸ்டாப் ஏற்றிவிடுங்கள். கறுப்பைத் தொட வேண்டாம். எஸ்.ஆர்.ஜி.பி. என்ற வண்ண முறையில் சேமியுங்கள், இல்லையென்றால் நியான் நிறங்கள் வெளிறும். முதலில் 4க்கு 6 அளவில் ஒன்று போட்டுப் பார்த்துவிட்டுப் பெரிது போடுங்கள்.

12க்கு 8 அங்குலத்துக்கு 3600க்கு 2400 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த 1600 பிக்சல் படம் 5 அங்குலத்துக்கு மேல் தாங்காது. மூலப்படத்தைக் கேட்டு வாங்குங்கள். கண்ணாடிச் சட்டம் போடுவதானால் மேட் (பளபளப்பில்லாத) காகிதம். இருண்ட படத்தில் எதிரொளி அதிகம் தெரியும்.

தீபாவளிக்கு முன் சிங்கப்பூரில் இருப்போம். லிட்டில் இந்தியா அலங்கார விளக்குகளை எடுக்க எங்கே நிற்பது? ட்ரைபாட், பவர் பேங்க் எல்லாம் விமானத்தில் விடுவார்களா?
(வாசகர், காரைக்குடி)

சிராங்கூன் சாலையின் குறுக்கே வளைவுகளாக விளக்குகள் கட்டியிருப்பார்கள். பண்டிகைக்குப் பல வாரங்கள் முன்பே ஏற்றிவிடுவார்கள் என்பதால் கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம். ஒரு வளைவின் கீழே நின்று மேலே பார்த்து எடுப்பதைவிட, சிக்னலில் சாலையைக் கடக்கும் இடத்தில் சற்றுத் தள்ளி நின்று 70 முதல் 100 மி.மீ. லென்ஸில் எடுங்கள். அடுத்தடுத்த வளைவுகள் நெருங்கி வந்து சாலை முழுவதும் நிறைந்து தெரியும். போனானால் உண்மையான 3 எக்ஸ் லென்ஸ் இருந்தால் மட்டும் இது வரும். நீல நேரத்தில் எடுத்தால் அந்த லென்ஸுக்கும் வெளிச்சம் போதும். வீரமாகாளியம்மன் கோயில் கோபுரத்தை விளக்குகளோடு சேர்க்க எதிர் நடைபாதை சரியான இடம். ஞாயிற்றுக்கிழமை மாலை தவிருங்கள். வார விடுமுறைக்கு வரும் தொழிலாளர்களால் நடைபாதை நிரம்பி ட்ரைபாட் வைக்க இடமே இருக்காது.

ட்ரைபாடைச் செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள். பவர் பேங்கும் உபரி பேட்டரிகளும் கைப்பையில்தான் இருக்க வேண்டும், செக்-இன்னில் போடக்கூடாது. 100 வாட்-ஹவர் வரை பொதுவாக அனுமதி. எம்.ஏ.எச். அளவை 3.7ஆல் பெருக்கி 1000ஆல் வகுத்தால் வாட்-ஹவர் வரும், 20,000 எம்.ஏ.எச். என்றால் 74. அந்த எண் மேலுறையில் அழிந்து போயிருந்தால் சோதனையில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.